ஒளிராத மூளை

அசர்த் தொழுகைக்கு முகம் கைகால் கழுவி ஒழுச் செய்யப் போன ரபியுதீன் முகம் நனையாமல் திரும்பி வந்தார். வாளியருகே குந்தியவர் தண்ணீரைத் தொடாமலே எழுந்ததை மனைவி சுல்பிகா கண்டாள்.

"என்ன மச்சான், வாளிக்குள்ளயும் கடல் வருமென்டு பயமா?"

அவர் சிரிக்கவில்லை. தொண்டை மட்டும் துள்ளியது.

சுனாமிக்குப் பிறகு போட்ட தகரக் கொட்டில்களைச் சுற்றி, ஆளில்லாமல் போன வீடுகளின் நாய்கள் அலைந்தன. இரண்டு மாதத்துக்கு முன், அந்திக் கருக்கலில், அவற்றில் ஒன்று ரபியுதீனின் கையைக் கடித்துக் கிழித்துவிட்டு ஓடியது. கறுப்பு நாய். நாயைக் கிட்ட அண்டவிடாத ஆட்களுக்குக் கறுப்பெல்லாம் ஒரே கறுப்புத்தான். சுல்பிகா தள்ளி நின்று பழஞ்சோறு போடும் நாயும் கறுப்பு.

"கூப்பிடு புள்ள, உன்ட சத்தத்துக்குத்தான் வரும்," என்றார்கள் பொல்லுத் தடியோடு வந்தவர்கள்.

கூப்பிட்டாள். வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. முதல் அடியில் முதுகு முறிந்தும் அவளை நோக்கியே ஊர்ந்தது. தலையை வெட்டி, மீன் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொழும்புக்குச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவைக் கொண்டுவந்தவர் சுகாதாரப் பரிசோதகர் நல்லரெத்தினம். "விசர்நாய்க் கிருமியில மட்டும் போய் ஒட்டுற மாதிரி பிறபொருளெதிரின்டு ஒரு புரதம் செஞ்சு, ஒளிர்ற சாயம் சேர்த்து வெச்சிரிக்காங்க தங்கச்சி. மூளைத் துண்டுல விட்டா, விசர் இருந்தாப் பச்சையா ஒளிரும். இதுல ஒரு பொட்டும் ஒளிரல்ல."

ரபியுதீனுக்கு நாய்க்கடிக்குப் போட்டுவந்த ஊசியை நிறுத்தினார்கள்.

இப்போது வெளியே தண்ணீர் பவுசர் லொறி வந்து நின்றது. தாங்கிக்குள் தண்ணீர் சளசளவென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு ரபியுதீனின் உடம்பு வில்லாக வளைந்தது. அடுப்பு பறந்தது. தடுக்கப் போனவளின் தலையைத் தகரத்தில் மோதினார், மறுபடியும் மோதினார். வாயோரம் நுரை.

உதறிக்கொண்டு வெளியே பாய்ந்தாள். கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள். மகள் நஸ்மியா வாசலில் கோப்பையோடு நின்றாள்.

"வாப்பாக்குத் தண்ணி விடாயா உம்மா?"

"உள்ள போகாத மகள்!"

நல்லரெத்தினத்தைக் கூப்பிடத் தெருவுக்கு ஓடினாள். ஓட ஓடத்தான் உறைத்தது. கடித்தது யாரிடமும் நிற்காமல் ஓடிய நாய். செத்தது கூப்பிட்டதும் வந்த நாய். சோதனை பொய் சொல்லவில்லை. தலைதான் வேறு.

இன்னொன்றும் உறைத்தது. தாகத்தில் விடாய்த்தவருக்குத் தண்ணி இல்லையென்று சொல்லப்படாது. பிள்ளைக்கு அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

திரும்பி ஓடினாள்.

கொண்டி திறந்திருந்தது.

சத்தமில்லை. வாசலில் கவிழ்ந்த கோப்பை. ஈர மணல்.

உள்ளே, வாப்பாவின் மடியில் மகள். அவர் வாய் அவள் தோளில் புதைந்திருந்தது. சட்டை சிவந்து நனைந்தது.

பிள்ளையின் சின்னக் கை அவர் தலையைத் தடவிக்கொண்டிருந்தது.