மேற்பார்வையாளர் நாற்காலி

ஐந்தாவது மாடிக்கும் ஆறாவதுக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும்தான். இருவரும் மழையில் தொப்பலாக நனைந்திருந்தார்கள்.

"பயப்படாதீங்க... நான் லிஃப்ட் மெக்கானிக்" என்றான் அவன்.

"நானும்தான். கொஞ்சம் தள்ளுங்க."

அவன் விழித்தான். பெரிய கண்கள்... இமையில் ஒரு மழைத்துளி. இதைப் பார்க்க இதுவா நேரம் என்று அவள் தன்னையே கடிந்துகொண்டு, சரியாக மூடாத கதவைத் தோளால் அழுத்தினாள். லிஃப்ட் நகர்ந்தது.

"ஒன்பதாவது மாடி, இன்டர்வியூவா?" என்று கேட்டான்.

"ஆமா. நீங்க?"

"அதேதான்."

இருவரும் ஒரே நிறுவனத்தின் வேறு வேறு கிளைகளில் வேலை பார்ப்பவர்கள். காலியாக இருந்தது ஒரே ஒரு மேற்பார்வையாளர் பதவி.

"எனக்கு அது வேணும். எங்க அண்ணன் பேராசைன்னு திட்டுறான்" என்றாள்.

"அடுத்தவன் தட்டுல கை வச்சாத்தான் பேராசை. இதை இன்னும் யாருக்கும் பரிமாறலையே... எனக்கும் வேணுங்க."

பதவி அவளுக்குக் கிடைத்தது. அடுத்த மாதமே அவனை அவள் குழுவுக்கு மாற்றினார்கள். அவன் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் வராத நாள்தான் அவளுக்கு நீளமாக இருந்தது.

ஒருநாள் அண்ணன் சொன்னான்: "அந்தப் பையன் வேணும்னே விட்டுக்கொடுத்தானாமே? இல்லேன்னா உனக்கு எங்க கிடைச்சிருக்கும்!"

அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு வாரம் அவன் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எட்டாம் நாள் லிஃப்டின் மோட்டார் அறையில் நேராகவே கேட்டாள்.

"எனக்குப் பிச்சை போட்டீங்களா?"

அவன் முகம் சிவந்தது. "விட்டுக்கொடுத்தேனா? ஒரு மாசம் விழுந்து விழுந்து படிச்சேன் மேடம்! பிரேக் பத்திக் கேட்டப்போ உளறிட்டேன். தோத்துட்டேன். ரெண்டு நாள் சோறு இறங்கல."

"நிஜமாவா?"

"அடுத்த தடவை இதே நாற்காலிக்கு எழுதிப் போடுவேன்."

"அதுக்குள்ள நான் இன்னும் மேல போயிருப்பேன்."

"போங்க. நான் காலைப் பிடிச்சு இழுக்க மாட்டேன்... பின்னாடியே வருவேன்."

ஒரு வாரத்துப் பாரம் இறங்கிவிட்டது. வேலையைக் கேட்கத் தயங்காதவள் இப்போது தயங்கினாள். கையுறையைக் கழற்றினாள்... மறுபடி மாட்டினாள்.

"எனக்கு... உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது.

"மேடம்... இதை நான் சொல்லலாம்னு ரெண்டு மாசமா ஒத்திகை பார்த்துட்டிருக்கேன்" என்றான் பரிதாபமாக. "இதுலயும் முந்திட்டீங்களே!"