கெங்கம்மா திட்டும் படம்

கெங்கம்மாவின் வாய்க்குக் காசிமேடே பயப்படும். மீன் கூடையோடு அவள் கரைக்கு வந்தால், படுத்திருப்பவர்கள் எழுந்து உட்காருவார்கள். உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து ஏதாவது வேலை இருக்கிறதா என்று தேடுவார்கள். காக்காய்கூட அவள் கூடையைவிட்டுத் தள்ளித்தான் நடக்கும்.

அப்பேர்ப்பட்ட கெங்கம்மா ஒருநாள் வாயே திறக்காமல் தேம்பித் தேம்பி அழுதாள். அதுவும் போட்டோ ஸ்டூடியோவில்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம் அது. அவள் மகள் ஜெயக்கொடிக்கு அப்போது பத்து வயது. ஜெயக்கொடியின் அண்ணன் லோகநாதனுக்குக் கப்பலில் கயிறு இழுத்துத் தளம் கழுவும் கலாசி வேலை கிடைத்திருந்தது. மறுநாள் மதியம் அவன் கப்பல் ஏற வேண்டும். திரும்பி வர ஒரு வருஷம் ஆகும், கூடவும் ஆகலாம்.

"பக்கத்து வூட்டு ரோஷன் கப்பலுக்குப் போறப்போ அவங்க வூட்டு போட்டோவ எடுத்துகினு போனான்மா. எனக்கும் நம்ம வூட்டு போட்டோ ஒண்ணு வோணும்" என்று லோகநாதன் கேட்டான். அவன் அதிகமாக எதையும் கேட்கிறவன் இல்லை. அதனால் எல்லாரும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, இருப்பதில் நல்ல துணியை உடுத்திக்கொண்டு கிளம்பினார்கள்.

ஸ்டூடியோ இராயபுரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதை நடத்தியவர் வால்டர் என்ற ஆங்கிலோ இந்தியர். ஜெயக்கொடி அவரைத் "தொரை" என்று கூப்பிட்டாள்.

"நான் இன்னா தொரை? இதே இராயபுரத்துல பொறந்தவன்" என்று அவர் சிரித்தார். இருந்தாலும் கூப்பிட்டது அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

உள்ளே ஒரு பெரிய திரை தொங்கியது. அதில் பனிமலையும் குளமும் அன்னப்பறவையும் வரையப்பட்டிருந்தன. கடலில் எவ்வளவு பெரிய அலை வந்தாலும் சிரிக்கிற அப்பா நீலமேகம், அந்த அன்னப்பறவைக்கு முன்னால், போலீஸ்காரரைப் பார்த்தவர் மாதிரி விறைத்துப்போய் நின்றார்.

"யாரும் அசையக் கூடாது. மூச்ச அப்பாலிக்கா வுட்டுக்கலாம்" என்றார் வால்டர், பெரிய கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து. "அம்மா, பையன் தோளு மேல கைய வைங்க."

கெங்கம்மா கை வைத்தாள். அவ்வளவுதான். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

வால்டர் காத்திருந்து பார்த்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மறுபடி கை வைத்தாள், மறுபடி அழுதாள். "சும்மா சிரிங்கம்மா" என்றதும் பாவம், சிரிக்கத்தான் பார்த்தாள். வேப்பெண்ணெய் குடித்தவள் மாதிரி முகம் கோணிக்கொண்டது.

"நான் இன்னா பண்ணட்டும்? இந்தத் தோள தொட்டா, நாளைக்கு இது இங்க இருக்காதேன்னு தோணுது" என்று அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

லோகநாதனின் முகம் வாடிவிட்டது. "வோணாம்மா. நீ அழுவுறத நான் தெனமும் கப்பல்ல பாத்துகினு இருக்கணுமா? போட்டோ இல்லாமயே போறேன்."

ஜெயக்கொடிக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அண்ணன் ஆசையாய்க் கேட்டது இந்த ஒன்றைத்தான். அதுவும் இல்லாமல் போகப் போகிறான். அவள் திரும்பி அலமாரியைப் பார்த்தாள். அங்கே தோல் உறைக்குள் ஒரு சின்ன கேமரா இருந்தது.

"தொரை, இது இன்னாது?"

"அதுவா? துறைமுகத்துல கப்பலுங்கள படம் புடிக்கிறது. பேப்பருக்குக் குடுப்பேன். நல்ல வெயில் இருந்தா கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள எடுத்துடும்."

"அப்போ யாரும் அசையாம நிக்க வோணாமா?"

"வோணாம்."

"பேசலாமா?"

"தாராளமா பேசலாம்."

"திட்டலாமா?"

வால்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "திட்டலாம். ஆனா அதுல ஒரே ஒரு படத்துக்குத்தான் ஃபிலிம் பாக்கி கீது. புது ஃபிலிம் அடுத்த வாரம்தான் வரும்."

"ஒண்ணு போதும். நீங்க கரைக்கு வாங்க, தொரை" என்றாள் ஜெயக்கொடி.

அவர்கள் கரைக்கு வந்தபோது சாயங்கால வெயில் பளிச்சென்று அடித்தது. கடலில் விட்டிருந்த பெரிய வலையைக் கரையிலிருந்து இழுக்க ஆரம்பித்திருந்தார்கள். அப்பா புதுச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார். வலை கனத்துவிட்டதால் கெங்கம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம். யாராவது வராவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டுத்தான் மற்றவர்கள் பிடிப்பார்கள். இடத்தை அடைத்துவிட்டால், அவர் இனிமேல் வரவே மாட்டார் என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமாம். லோகநாதனின் இடம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில். அன்றைக்கு அது காலியாக இருந்தது.

வால்டர் கேமராவை எடுத்ததுதான் தாமதம், காரியம் கெட்டது. கயிற்றில் முதல் ஆளாக நின்ற அலி அக்பர் கயிற்றை விட்டுவிட்டுத் தலையைக் கோதிக்கொண்டார். அடுத்தவர் மீசையை முறுக்கினார். எல்லாரும் கைகளைத் தொங்கப்போட்டு வரிசையாக விறைத்து நின்றார்கள். வலை பாட்டுக்குக் கடலுக்குள் திரும்பிப் போக ஆரம்பித்தது.

"ஐயோ, வலை போவுது" என்று அப்பா கத்திய பிறகுதான் எல்லாரும் பாய்ந்து கயிற்றைப் பிடித்தார்கள்.

"தொரை, கேமராவ மறைச்சிக்குங்க" என்று ஜெயக்கொடி அவரை ஒரு பழைய படகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள். பிறகு அண்ணனின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணே, நீ இந்தப் படகாண்ட சும்மா நில்லு. கைய கட்டிகினு."

"வலை வர்ற நேரத்துலயா? அம்மா தோல உரிச்சுடும்."

"உரிக்கட்டும். அழுவாது இல்ல?"

லோகநாதன் தங்கையைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, புதுப் பேண்ட்டும் சட்டையுமாகப் படகின் மேல் சாய்ந்து கைகட்டி நின்றான். படகு மறைவில், அவன் தோளை ஒட்டி வால்டர் கேமராவோடு உட்கார்ந்தார்.

கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த கெங்கம்மா தற்செயலாகத் தலையைத் திருப்பினாள். மகன் நின்ற அழகைப் பார்த்தாள். வலை வரும்போது கரையில் ஒருத்தன் சும்மா நிற்கிறதா? அன்றைக்குப் பூராவும் மூடிக் கிடந்த அவள் வாய் மொத்தமாகத் திறந்துகொண்டது.

"டேய் லோகு, இன்னாடா வேடிக்கை? நாங்க இழுக்கிறோம், நீ மாப்ள மாரி சாஞ்சிகினு நிப்பியா? ஒன் எடம் காலியா கீது, கண்ணு தெரியல? வாடா, வந்து புடி."

ஒரு கையால் கயிற்றை இறுகப் பிடித்திருந்தாள். இன்னொரு கையை அந்தக் காலி இடத்துக்கு நேராக நீட்டினாள். அப்பா திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

டிக்.

"ஆச்சு" என்றார் வால்டர். லோகநாதன் அதற்குள் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடிப்போய்த் தன் இடத்தைப் பிடித்திருந்தான்.

"தொரை, நீ மட்டும் இன்னா ஒளிஞ்சிகினு கீற? அந்தப் பொட்டிய வச்சிட்டு வந்து ஒரு கை புடி" என்று கெங்கம்மா அவரையும் விடவில்லை. கயிற்றைத் தொட்டவர்களுக்கெல்லாம் மீன் உண்டு. வால்டர் தொப்பி நிறைய நெத்திலியோடு ஸ்டூடியோவுக்குத் திரும்பினார்.

மறுநாள் காலையில் படம் வந்தது. எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"ஐயே, என் வாயி இம்மாம் பெருசாவா கீது?" என்றாள் கெங்கம்மா. "இத எட்து வெளில காட்டாத. மானம் போவும்."

லோகநாதன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தான். படத்தையே பார்த்தபடி இருந்தான்.

"இன்னாண்ணே, புடிக்கலயா?" என்று ஜெயக்கொடி பயந்துகொண்டே கேட்டாள்.

"அம்மா பேசுறது எனக்குக் கேக்குது" என்றான் அவன். "ஒன் எடம் காலியா கீது, வாடான்னு கூப்புடுது. எங்க வச்சுப் பாத்தாலும் கூப்புடும்ல?" அவன் படத்தைச் சட்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு தங்கையின் தலையைக் கலைத்துவிட்டான். ஜெயக்கொடிக்கு மனசு நிறைந்துவிட்டது.

கப்பல் போனது. மழைக்காலம் வந்து போனது, வெயில் காலமும் போனது. தினமும் கயிற்றில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஓர் இடம் காலியாகவே இருந்தது. ஜெயக்கொடி ஒருநாள் விளையாட்டாக அங்கே போய் நின்றாள். கெங்கம்மா அவளைத் துரத்திவிட்டாள்.

பிறகு ஒரு சாயங்காலம், வலை கனத்துக்கொண்டு வந்த நேரத்தில், கரையில் ஒருவன் தகரப் பெட்டியோடு நிற்பதைக் கெங்கம்மா பார்த்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

"திட்டாதம்மா, வந்துட்டேன்" என்று லோகநாதன் பெட்டியை மணலில் போட்டுவிட்டு ஓடிவந்து தன் இடத்தில் நின்றான்.

கெங்கம்மா ஒரு தடவை அவன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"நல்லா அழுத்திப் புடிடா" என்றாள்.