திலீப் பெயரில் ஒரு லாகின்

புதன்கிழமை காலை ஒரு ரத்த வங்கியிலிருந்து டோரதிக்குப் போன் வந்தது.

"உங்க வெப்சைட் திறக்கலையேம்மா. வெறும் வெள்ளையா நிக்குது."

டோரதி ஓய்வுபெற்ற நர்ஸ். முந்தின நாள்தான் கண்புரை அறுவை முடிந்து, ராயபுரம் வீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு படுத்திருந்தார். அவர் நடத்திவந்த 'கைகொடு' இணையதளத்தில், எளிதில் கிடைக்காத ரத்த வகைக்காரர்கள் வட சென்னை முழுவதிலிருந்தும் பெயர் கொடுத்திருந்தார்கள். ரத்தம் வேண்டியவர்கள் அதில் விவரத்தை நிரப்பினால், அந்த வாரம் முறை பார்ப்பவரின் போனுக்குச் செய்தி போகும். அவர் கொடையாளியை அழைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைப்பார்.

மதியத்துக்குள் உறுதியாகிவிட்டது. பெயர்கள், போன் எண்கள், வந்த கோரிக்கைகள், பாதுகாப்புக்காக எடுத்துவைத்த நகல்கள், எல்லாமே அழிந்திருந்தன.

சப்-இன்ஸ்பெக்டர் சுகிர்தம் டிபன் பாக்ஸைத் திறந்தபோது, லூயிஸ் ஒரு ஆளைச் சட்டைக் காலரைப் பிடித்து ஸ்டேஷனுக்குள் இழுத்துவந்தான். அவளுக்குத் திருவிழா பந்தோபஸ்து போய்வந்த கால்வீக்கம் இன்னும் வடியவில்லை. ஷூவைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளியிருந்தாள். எப்போதோ ஒரு சைபர் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த பாவத்துக்கு, பாஸ்வேர்ட் மறந்தவர்கள்கூட அவளைத் தேடித்தான் வருவார்கள்.

"இவன்தான் மேடம்!" என்றான் லூயிஸ். "டோரதிக்கா நம்பி வேலை குடுத்தாங்க. அல்லாத்தையும் தொடைச்சிட்டான்."

"முதல்ல காலரை விடுங்க. யாரு நீங்க?"

லூயிஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். மிச்ச நேரத்தில் கைகொடுவுக்காக ஓடுபவன். இழுத்துவரப்பட்ட திலீப் புளியந்தோப்புக்காரன். எந்தக் கம்பெனியிலும் சேராமல், கிடைத்த இடத்தில் வெப்சைட் வேலை செய்து பிழைப்பவன். கைகொடுவைப் புதுப்பித்துக் கொடுக்க டோரதி அவனை அமர்த்தியிருந்தார்.

"இவர்தான் செஞ்சார்னு எப்படிச் சொல்றீங்க?"

"சைட்டுக்கு எடம் குடுத்த கம்பெனிக்காரனே சொல்ட்டான் மேடம். நேத்து மூணு மணிக்கு, திலீப் லாகின்ல இருந்துதான் அல்லாம் அழிஞ்சுகீது."

சுகிர்தம் டிபன் பாக்ஸை மூடினாள். திலீப்பை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னாள்.

"அட்மின்னா முழு அனுமதி உள்ளவங்க. அப்படி எத்தனை பேரு?"

"நாலு பேரு. டோரதிக்கா, அவங்க தங்கச்சி பொண்ணு ஜூடி, நானு, அப்பால இவன்."

"நேத்து மூணு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"கிரேன் மேல. டபுள் டூட்டி. வேணும்னா ஹார்பர்ல கேட்டுக்கோங்க."

அவன் கண்களில் தூக்கம் சிவந்து கிடந்தது. தன் கண்ணும் அப்படித்தான் இருக்கும் என்று சுகிர்தம் நினைத்துக்கொண்டாள்.

அடுத்து திலீப். கிழிந்த காலரை ஒரு கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தான்.

"நான் இல்ல மேடம். நேத்து மத்தியானத்துலேர்ந்தே என்னால உள்ள போவ முடில. பாஸ்வேர்டு தப்பு, தப்புன்னே வந்துகினு இருந்துச்சு."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"டோரதிம்மாக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். கண்ணு ஆபரேஷன்னாங்க, அதான் போன் அடிக்கல. வேலை முடியிற நேரமாச்சே, தூக்கிட்டாங்க போலன்னு வுட்டுட்டேன்."

"நேத்து உனக்கு என்ன வேலை பாக்கி?"

"ஃபாரத்தை செக் பண்றது. போன வாரம் எர்ணாவூர்ல யாரோ ஒர்த்தரு ரத்தம் கேட்டு ஃபாரம் போட்டாராம். பதிலே போவலியாம். ஃபாரம் ரிப்பேரா, யார் போனுக்குப் போச்சுன்னு நேத்து சாயங்காலம் பாத்து சொல்றேன்னு அவங்க வாட்ஸ்அப் குரூப்லயே போட்டிருந்தேன்."

"அங்க யாரோட சண்டை கிண்டை?"

"சண்டை இல்ல மேடம். பேஜாருதான். ஒவ்வொண்ணுத்துக்கும் டோரதிம்மாவைக் கேட்டுகினு நிக்கணும்." கொஞ்சம் யோசித்தான். "இது ஊர் முழுக்கப் பரவிச்சின்னா எனக்கு எவன் மேடம் வேலை குடுப்பான்? எவன் அவன் சைட்டைத் தொட வுடுவான்?"

சுகிர்தம் அவனைப் போகச் சொன்னாள். லூயிஸ் வாசலில் குதித்தான். அவனையும் போகச் சொன்னாள்.

மூன்றரை மணிக்குச் சுகிர்தம் டோரதி வீட்டுப் படியேறினாள். மாடிப்படி செங்குத்து. ஒவ்வொரு படியும் முழங்காலில் கணக்குத் தீர்த்துக்கொண்டது.

டோரதி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்குக் கீழே கன்னம் ஈரமாக இருந்தது. அறுவை செய்த கண்ணா, அழுத கண்ணா என்று சொல்ல முடியவில்லை. ஜூடி காபி கொண்டுவந்து வைத்தாள். பள்ளிக்கூடம் ஒன்றில் கிளார்க்.

"நேத்து இவங்க போன் யார்கிட்ட இருந்துச்சு?"

"என்கிட்டதான் மேடம்," என்றாள் ஜூடி. "காலையிலேர்ந்து ஆஸ்பத்திரியில நான்தான் கூட இருந்தேன். இவங்க போனும் என் போனும் என் பையில."

லாகின் செய்தால் ஓ.டி.பி. அவரவர் போனுக்கு வரும். அப்படியானால் டோரதியின் ஓ.டி.பி.யும் ஜூடியின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. சுகிர்தம் காபியை உறிஞ்சினாள்.

"அட்மின் எத்தனை பேரும்மா?"

"மூணே பேருதான்," என்றார் டோரதி. "நான், ஜூடி, லூயிஸ். வெளியாள வேலைக்கு வெக்கிறப்போ எல்லாச் சாவியையும் தூக்கிக் குடுக்கக் கூடாதுன்னு பேசி முடிவு பண்ணினோம். லூயிஸ்தான் பிடிவாதமா நின்னான். திலீப்புக்குப் பக்கத்தைத் திருத்துற அளவுக்குத்தான் குடுத்தோம். அதுக்கு மேல வேணும்னா எனக்குப் போன் பண்ணுவான், நானே உள்ள போயி செஞ்சு குடுப்பேன்."

ஜூடியைத் தனியாகச் சமையலறையில் கேட்டாள். "மூணு பேரு மேடம். இதுக்காக எனக்கும் லூயிஸண்ணனுக்கும் வாக்குவாதமே ஆச்சு. பாவம் அந்தாளு, வேலை முடியிற வரைக்குமாவது குடுக்கலாம்னேன். அண்ணன் ஒத்துக்கவே இல்ல."

சுகிர்தம் கூடத்துக்கு வந்து, டோரதியின் போனில் கேட்காமல் கிடந்த வாய்ஸ் மெசேஜைப் போடச் சொன்னாள். செவ்வாய் மதியம் ஒன்றே முக்காலுக்கு வந்தது. பின்னால் பஸ் ஹாரன். திலீப்பின் குரல்: "அம்மா, லாகின் எடுக்க மாட்டேங்குது. என்னை எடுத்துட்டீங்களா? ஃபாரத்தை இன்னும் பாக்கலியே."

டோரதி வாயைப் பொத்திக்கொண்டார்.

"எர்ணாவூர் விஷயம் என்னம்மா?"

"நவ்ரீன்னு ஒரு பொண்ணு. பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போயிருச்சு, நெகட்டிவ் குரூப். குழந்தை பொழைச்சுது, அவ போயிட்டா. அந்தப் புருஷன் இங்க வந்து, உங்க சைட்ல போட்டேனே, ஏன் யாரும் கூப்பிடலன்னு கேட்டான். எனக்கு ஒண்ணுமே சொல்ல வரல."

"போன வாரம் உன் முறையா?" என்று ஜூடியைக் கேட்டாள்.

"இல்ல மேடம். எனக்கு இந்தத் திங்கக்கிழமைதான் ஆரம்பிச்சுது."

கண் அறுவைக்குப் போகவேண்டிய டோரதி ஒரு மாதமாக முறை எடுக்கவில்லை என்பதையும் சுகிர்தம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் நசுங்கி உட்கார்ந்து, கேட்டதையெல்லாம் மறுபடி மனதில் ஓட்டினாள். டோல்கேட் வருவதற்குள் ஒரு சொல் முள்ளாகத் தைத்தது. அப்போதே தெரிந்துவிட்டது. சந்தோஷம் வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. டோரதியின் கூடத்தில் நால்வரும் இருந்தார்கள். திலீப் கதவருகே நின்றான். லூயிஸ் இரவு டூட்டி முடித்து நேராக வந்திருந்தான்.

"சுருக்கமாச் சொல்லிடறேன்," என்றாள் சுகிர்தம். "திலீப்புக்குப் பக்கத்தைத் திருத்தற அனுமதிதான். அந்த அனுமதியை வெச்சு முழு சைட்டையும் அழிக்க முடியுமா, திலீப்?"

"முடியாது மேடம். அழிக்கிற பட்டனே கண்ணுல படாது."

"ஆனா அழிஞ்சது அவர் லாகின்லேர்ந்துதான். அப்போ அதுக்கு முன்னாடி யாரோ அவரை அட்மின் ஆக்கியிருக்கணும். அட்மின் ஆக்க இன்னொரு அட்மினாலதான் முடியும். அதே ஆள்தான் அவரோட பாஸ்வேர்டையும், ஓ.டி.பி. போற போன் நம்பரையும் மாத்தியிருக்கணும். அதனாலதான் ஒண்ணே முக்காலுக்கே இவரால உள்ள போக முடியல. மூணு மணிக்கு இவர் பேர்ல உள்ள இருந்தது வேற ஆளு. யார் யாருக்கு அனுமதி குடுத்தாங்கன்னு சைட்டுக்குள்ள இருந்த பதிவும் சைட்டோடயே போயிருச்சு. வெளியில மிச்சம் நின்னது திலீப் பேரு மட்டும்தான்."

கீழே தெருவில் மீன் கூடைக்காரியின் குரல் வந்து போனது.

"ஆக, மூணு பேர்ல ஒருத்தர். டோரதியம்மா அன்னிக்கு ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில, போன்கூடக் கையில இல்ல. மிச்சம் ஜூடியும் லூயிஸும். எங்க இருந்தீங்கங்கறது இதுக்கு முக்கியமே இல்ல. கையில போன் இருந்தாப் போதும், கிரேன் மேலேர்ந்தும் செய்யலாம், ஆஸ்பத்திரி பெஞ்சிலேர்ந்தும் செய்யலாம்." மூச்சு வாங்கினாள். "ஒரே கேள்வியை எல்லாரையும் கேட்டேன். அட்மின் எத்தனை பேரு? அம்மா மூணுன்னாங்க. ஜூடி மூணுன்னா. லூயிஸ், நீங்க என்ன சொன்னீங்க?"

லூயிஸ் நிமிரவில்லை.

"நாலுன்னீங்க. திலீப்புக்குக் குடுக்கக் கூடாதுன்னு பிடிவாதம் பிடிச்ச ஆளே நீங்கதான். சைட் செத்துக் கிடக்கு, இனி யாரும் உள்ள போய்ப் பார்க்கவும் முடியாது. திலீப் நாலாவது அட்மின் ஆனது, ஆக்கின ஆளைத் தவிர யாருக்குத் தெரியும்?"

"மேடம், ஏதோ வாய் தவறி…"

"போன வாரம் முறை யாரோடது லூயிஸ்?"

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். பெரிய உடம்பு. உட்கார்ந்ததும் சின்னதாகிப் போனது.

"என்னோடதுதான்," என்றான். "மெசேஜ் வந்துச்சி. பாத்தேன். டபுள் டூட்டி முடிச்சி அப்பதான் எறங்கினேன். டீ குடிச்சிட்டு கூப்புடலாம்னு குந்தினேன் மேடம். அப்டியே தூங்கிட்டேன். முழிச்சிப் பாத்தா விடிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரிக்கு போன் அடிச்சேன். அந்தப் பொண்ணு போயிட்ச்சின்னாங்க."

"சொல்லியிருக்கலாமேடா," என்றார் டோரதி. குரலில் கோபமே இல்லை.

"எப்டிக்கா சொல்றது? மெசேஜை நான் பாத்தது சைட்ல பதிஞ்சுகீது. இவன் செக் பண்றேன்னு குரூப்ல போட்டான். கப்பல் லேட்டு, கிரேன் சும்மா நின்னுது. கையில போன் இருந்துச்சி. இவன் வேலை முடிஞ்சு போயிடப் போறவன்தானே, யாரு கேக்கப் போறாங்கன்னு…"

"என் காலரைப் புடிச்சு ரோட்ல இஸ்துகினு போனியே," என்றான் திலீப். "அது இன்னாத்துக்கு?"

"தூங்கினது குத்தம் இல்ல," என்றாள் சுகிர்தம். "அதுக்கு நான் உங்களை அழைச்சிட்டுப் போக மாட்டேன். அதுக்கு அப்புறம் செஞ்சதுக்குத்தான். எழுந்திரிங்க."

கான்ஸ்டபிள் அவனைக் கீழே அழைத்துப்போனார். டோரதி திலீப்பை அருகே கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டார். சைட்டுக்கு இடம் கொடுத்த கம்பெனியிடம் போன மாதத்து நகல் ஒன்று தனியாக இருப்பதாகவும், அதிலிருந்து பாதிக்கு மேல் பெயர்களை மீட்கலாம் என்றும் அவன் சொன்னான். ஆனால் அதற்கு முழு அனுமதி வேண்டும்.

"குடு ஜூடி," என்றார் டோரதி. "கூடவே உக்காரு. முடிஞ்ச அன்னிக்கே எடுத்துடு. தப்பா நெனைக்காதே தம்பி."

"எடுத்துடுங்கம்மா. எனக்கும் அதான் நல்லது," என்றான் திலீப்.

சுகிர்தத்தின் வேலை அத்தோடு முடிந்தது. ஆனாலும் சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து வீட்டுப் பக்கம் போகாமல் எர்ணாவூருக்குப் போனாள். குடியிருப்பின் மூன்றாம் மாடி. நவ்ரீனின் தாய் ஷம்ஷாத் கதவைத் திறந்தாள். தோளில் குழந்தை தூங்கியது. நவ்ரீனின் கணவன் இம்தியாஸ் போலீஸ் உடையைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"தெரியும் மேடம்," என்றான், அவள் வாயைத் திறப்பதற்குள். "என் தப்புதான். கை நடுங்கிகினே டைப் பண்ணேன். என் போன் நம்பரைத் தப்பா போட்டிருக்கேன். அதான் அவங்களால கூப்புட முடில. இல்லியா?"

ஷம்ஷாத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்தப் பேச்சு அந்த வீட்டில் எத்தனை தடவை நடந்திருக்கும் என்று சுகிர்தத்துக்குப் புரிந்தது. உட்காரச் சொல்லும் முன்பே அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இல்ல தம்பி. நீங்க எல்லாத்தையும் சரியாத்தான் போட்டீங்க. அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சு."

இம்தியாஸ் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, நவ்ரீன் போனதிலிருந்து முதல் தடவையாக, சத்தம் போட்டு அழ ஆரம்பித்தான்.