கடைசி சைக்கிளுக்குப் பின்னால்

நாற்பது டிகிரி வெயிலில் முன்னால் மிதித்துப் போகிறவரின் முதுகில் வியர்வை இல்லை. அரை மணி நேரமாக வேனை ஓட்டியபடி அந்த முதுகையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். இருபுறமும் ஆளுயரக் கற்சுவர் கூடவே வர, தார் இளகும் வாசனையும் பின் இருக்கையில் மச்சான் எடுத்த வாந்தியின் புளிப்பும் மூக்கில் கலக்க, அந்தச் சட்டை மட்டும் இப்போதுதான் இஸ்திரி போட்டதுபோல் மடிப்புக் கலையாமல் போய்க்கொண்டிருந்தது.

சைக்கிள் பயணக் குழுவின் துணை வண்டிக்கு ஒரே விதிதான். கடைசி சைக்கிளை முந்தக் கூடாது. முந்திவிட்டால், மொழி தெரியாத நாட்டில் ஒருவர் தனியாக நின்றுவிடுவார். இந்தச் சாலையில் முந்த இடமும் இல்லை.

"மாப்ள, இன்னும் எவ்வளவு தூரம்?"

"பக்கம்தான் மச்சான். பேசாம படுங்க."

"நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்கற மாதிரி இருக்கு. நல்லா தின்னு கொழுத்த ஆளு போல."

சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. மனைவி இறந்து இரண்டு வருடமாகியும் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறவர் அவள் அண்ணன் ஒருவர்தான். குழு இரவு தங்கும் முகாமில் டாக்டர் இருக்கிறார். மூன்று கிலோமீட்டர்.

முகாமிலிருந்து வாக்கி-டாக்கி கரகரத்தது. மேனேஜர் அம்மா.

"எங்கப்பா இருக்க? டாக்டர் வாசல்லயே நிக்கிறார்."

"கடைசி ஆளுக்குப் பின்னாடிதாங்க வரேன். மெதுவா போறாரு."

"எந்தக் கடைசி ஆளு? பதினோரு பேரும் வந்தாச்சு. பன்னெண்டாவது ஆளு உன் வண்டியிலதான் படுத்திருக்காரு."

அவன் ஹார்ன் அடித்தான். முன்னால் இருந்தவர் திரும்பவில்லை. கையைப் பின்னால் நீட்டி, காலி பாட்டிலை ஆட்டினார். தண்ணீர் கேட்கும் சைகை. பிறகு, சுவரை உரசும் அளவுக்கு ஒதுங்கினார். வேன் நுழைய இடம் கிடைத்தது.

கொடுத்துவிட்டு முந்திவிடலாம்.

அவன் ஜன்னலுக்கு வெளியே பாட்டிலை நீட்டினான். களைத்தவர்கள் அதைச் சட்டென்று வாங்கிக்கொள்ள மாட்டார்கள். விடாமல் பிடித்துக்கொண்டு, வேன் இழுக்கிற இழுப்பில் பத்தடி சும்மா வருவார்கள். எல்லோரும் செய்கிற சின்னத் திருட்டு. விரல்கள் வந்தன. பாட்டிலோடு அவன் விரல்களையும் சேர்த்து மூடிக்கொண்டன. சுள்ளிபோல் காய்ந்த விரல்கள்.

பத்தடி. நூறடி. விடவில்லை.

முகம் பக்கத்தில்தான் இருந்தது. அவன் பார்க்கவில்லை.

பிரேக்கை மிதித்தான். வேகம் குறையவில்லை. மறு கையால் சாவியைத் திருப்பினான். எஞ்சின் அணைந்தது. டயர்கள் உருளும் சத்தம். மச்சானின் மூச்சு. வேறு மூச்சு எதுவும் கேட்கவில்லை.

சுவர் முடிந்தது. கூடாரங்கள். வரிசையாகப் பதினோரு சைக்கிள்கள். கையில் பையோடு டாக்டர். நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டியபடி நடுச்சாலைக்கு வந்த மேனேஜர் அம்மா, துள்ளி விலகினார்.

"மாப்ள... டாக்டர் அங்கதான நின்னாரு? ஏன் நிறுத்தல?"

ஜன்னலுக்கு வெளியே அந்தக் கால்கள் மிதித்துக்கொண்டிருந்தன. அவசரமில்லாமல். வேனை இழுத்துக்கொண்டு.