சத்தம் போடாத மாத்திரைகள்

"கொன்னுட்டா... என் பிள்ளையைக் கொன்னுட்டா!"

நொக்வாண்டாவின் மாமியார் மாசிதோலேயின் அலறலில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர ஆஸ்பத்திரியின் அந்த வார்டே எழுந்து உட்கார்ந்தது.

கட்டிலில் அவள் மகன் முசி. உயிர் இருந்தது. ஆனால் உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு... உதடு வெடித்து... முதுகில் தோல் உரிய ஆரம்பித்திருந்தது!

"ஏதோ மாத்திரை ஒத்துக்கல," என்றாள் டாக்டர் பிள்ளே. "என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டா, ஒண்ணுமில்லன்னு தலையாட்டறார். இங்க வந்து மூணு நாளாச்சு. இன்னும் ஏறிக்கிட்டே போகுது. யாரோ உள்ள குடுத்துக்கிட்டே இருக்காங்க!"

எல்லாக் கண்களும் முசியின் மனைவி நொக்வாண்டா மேல் திரும்பின. தினமும் கஞ்சி ஊட்டுகிறவள் அவள்தானே!

"சூனியக்காரி!" என்றாள் மாமியார், விசாரிக்க வந்திருந்த போலீஸ்காரரிடம். "வீட்ல வாங்கி வைக்கிற பஞ்சுகூட மாயமாப் போகுது சார்ஜென்ட்!"

சார்ஜென்ட் சிபியா ஒரு புட்டியை நீட்டினார். லேபிள் சுரண்டப்பட்டிருந்தது.

"உங்க வீட்டுச் சோளமாவு டிரம்முல இருந்துச்சு."

குலுக்கினார். சத்தமே இல்லை. திறந்தார். மாத்திரைகளுக்கு நடுவே பஞ்சு!

"என்ன விஷம்மா இது?"

நொக்வாண்டா புட்டியையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தாள். சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் ஜெயில். பாவம், எந்தப் பக்கம் ஓடுவாள்?

"என்னோடது... எச்.ஐ.வி. மாத்திரை. ரெண்டு வருஷமா சாப்பிடறேன். குலுங்கினா அத்தைக்குக் கேக்கும்னு பஞ்சு வச்சேன். அவருக்கு ஒண்ணுகூடக் குடுக்கல... சத்தியமா!"

மாமியார் மூன்றடி பின்வாங்கினாள்.

முசி அழுதான். வீங்கிய கை தலையணைக்கடியில் நுழைந்தது. வெளியே வந்தது... இன்னொரு புட்டி!

லேபிள் இல்லை. குலுங்கவும் இல்லை... உள்ளே பஞ்சு!

டாக்டர் பிடுங்கிப் பார்த்தாள்.

"கடவுளே... இதுவும் எச்.ஐ.வி. மாத்திரைதான். வேற ரகம். இதுதான் உங்க தோலை உரிக்குது! ஏன் நிறுத்தல?"

"க்ளினிக் நர்ஸ்... ஒரு வேளைகூட விடக்கூடாதுன்னாங்க." உதட்டில் ரத்தம் கசிந்தது. "மூணு வாரமா... விடாம முழுங்கறேன். இவளுக்குத் தெரிஞ்சா... போயிடுவாளேன்னு..."

நொக்வாண்டா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவனைக் கட்டிக்கொள்ளக்கூட வழியில்லை. தொட்டால் தோல் கையோடு வரும்.

"பொழைப்பாரா டாக்டர்?"

"இப்பதானே நிறுத்தறோம்... இனிமே காத்திருக்கறதைத் தவிர வேற வழியில்ல."

சார்ஜென்ட் நோட்டை மூடிவிட்டு மாமியாரிடம் திரும்பினார்.

"கொலைகாரி கிடைக்கலம்மா... ஆனா பஞ்சுத் திருடங்க ரெண்டு பேரும் பிடிபட்டாச்சு!"