எட்டாம் வளைவில் லோரிஸ்

நவம்பர் 12, செவ்வாய். காலை 7.20.

காஸ்தெல்பினோ மலைச்சாலையின் எட்டாம் வளைவுக்குக் கீழே, மூடுபனிக்குள் ஒரு வெள்ளி நிறக் கார் தலைகீழாகக் கிடந்தது. ஓட்டுநர் இருக்கையில் பெல்ட்டோடு தொங்கியவர் லோரிஸ் மலகோலி. இருபது வருடமாக அதே சாலையில் புதுக் கார்களைச் சோதித்து ஓட்டியவர். உயிர் போய் அரை மணி ஆகியிருந்தது.

ஊர்க் காவல் நிலையத்தின் தலைவி ஓர்னெல்லா பெதெஸ்கி மரக்கிளைகளைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினார். ஊரில் எல்லோரும் அவரைப் பதவிப் பெயரான மரேஷால்லோ என்றுதான் கூப்பிடுவார்கள். உடைந்த கண்ணாடி வழியே டார்ச் அடித்துப் பார்த்தார். பக்கத்து இருக்கையில் அரை வட்டு பார்மிஜானோ சீஸ், குழந்தைக்குப் போடுவதுபோல் பெல்ட் போட்டு, அதுவும் தலைகீழாகத் தொங்கியது. சுற்றியிருந்த காகிதத்தில் பால் பண்ணையின் முத்திரை: அன்றைய தேதி, 6.15, இருபது கிலோ.

மேல்கிராமத்திலிருக்கும் தங்கைக்காக வாங்கியிருப்பார். ஓர்னெல்லா அதைக் குறித்துக்கொண்டு, சீஸை நிலையத்துக்கு அனுப்பினார்.

காலை 10.40. தொழிற்சாலை.

எர்மெஸ் குயிதெத்தி அந்தக் காரின் சஸ்பென்ஷனை வடிவமைத்த இன்ஜினியர். ஐந்து வருட உழைப்பு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காரின் அறிமுகம். இரவெல்லாம் தூங்காத முகம்.

"சாதா கார்ல ரோடு சொல்றதை ஸ்பிரிங் கேக்கும். இதுல சக்கரத்துக்கு ஒரு மோட்டார். பள்ளம் வந்தா சக்கரத்தை இறக்கும், மேடு வந்தா தூக்கும். வளைவுல வெளிப்பக்கம் சாயாம, சைக்கிள்காரன் மாதிரி உள்பக்கம் சாயும்."

"எடை ஏறினா?"

"ஏறின பக்கம் அழுந்தாம மோட்டார் தூக்கிப் பிடிச்சுக்கும். ஒரு கைப்பை வச்சாக்கூடத் தெரிஞ்சுக்கும்."

"நேத்து வரைக்கும் ஏதாவது கோளாறு?"

"இல்லை. கார்ல இருந்த பதிவுப்பெட்டி நொறுங்கிப் போச்சு. ஆனா ஓடும்போதே எல்லாம் இங்க வந்து சேர்ந்துடும். பாருங்க."

நீட்டிய தாள்களில் கோடுகளும் எண்களும்: வேகம், சாய்வு, இருக்கைகளின் எடை. கடைசி நொடி வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. வேகம் மட்டும் அதிகம்.

"லோரிஸ் அவசரப்பட்டுட்டார். அவ்வளவுதான்," என்றார் எர்மெஸ்.

அந்த வார்த்தை அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவியது. லோரிஸின் மனைவி மில்வா அதே தொழிற்சாலையில் இருக்கைகளுக்குத் தோல் தைப்பவள். அடக்கம் முடிந்த மறுநாள் நிலையத்துக்கு வந்தாள்.

"எட்டாம் வளைவு கல்லறைத் தோட்டத்து வளைவு, மரேஷால்லோ. எங்க மாமனார் அங்கதான் இருக்கார். அந்த இடத்துல என் புருஷன் சைக்கிள்ல போனாக்கூட மெதுவாத்தான் போவார். இப்ப எல்லாரும் என்னைப் பாத்தா தலையைக் குனிஞ்சுக்கறாங்க. அஞ்சு வருஷ உழைப்பை உன் புருஷன் கெடுத்துட்டான்னு சொல்லாம சொல்றாங்க."



நவம்பர் 18, திங்கள். காலை 8.10.

மெக்கானிக் நெரியோ தொப்பியைக் கையில் கசக்கியபடி வந்து உட்கார்ந்தார். தடித்த மனிதர். லோரிஸின் சிநேகிதர்.

"என்னைப் பைத்தியம்னு நினைக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"ஃபேக்டரி கொட்டகையில அதே மாதிரி ரெண்டாவது கார் நிக்குது. வெள்ளிக்கிழமை அதை நான்தான் மலை ஏத்தணும், விருந்தாளிங்களை வச்சுக்கிட்டு. மூணு நாளா விடியக்காலைல அது தானா எந்திரிக்குது. எஞ்சின் ஓடலை, உள்ள யாரும் இல்லை. நின்ன இடத்துலயே சாயுது, குனியுது, நிமிருது." குரல் இறங்கியது. "அது சாயுற வரிசை எனக்குத் தெரியும். இந்த மலைதான். லோரிஸ் ஓட்டிட்டுப் போறான்."

நவம்பர் 19, செவ்வாய். காலை 5.50.

கொட்டகையில் விளக்கில்லை. கம்பிக் கதவு வழியே பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. இருவரும் எண்ணெய்ப் பீப்பாய்களுக்குப் பின்னால் நின்றார்கள்.

6.02. ஒரு மெல்லிய முனகல். கார் மூச்சு இழுப்பதுபோல் மெதுவாக எழுந்தது. சக்கரம் உருளவில்லை. உடல் மட்டும் இடப்பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது.

"ஒண்ணு... ரெண்டு..." நெரியோவின் உதடுகள் எண்ணின. "நாலு, ஊசி வளைவு. ஏழு. இப்போ கல்லறைக்கு முன்னாடி பள்ளம்."

கார் முன்பக்கம் குனிந்தது. பிறகு, உள்ளே சாய வேண்டிய இடத்தில், வெளிப்பக்கத்துக் கால் உடைந்ததுபோல் பட்டென்று சரிந்தது. அரை நொடி. பிறகு நிமிர்ந்து, அசையாமல் நின்றது. நெரியோ சிலுவை போட்டுக்கொண்டார்.

 ஓர்னெல்லா காரிடம் போனார். டார்ச்சை உள்ளே அடித்தார். ஓட்டுநர் இருக்கையில் இரண்டு மணல் மூட்டைகள்.

"லோரிஸ் எவ்வளவு எடை இருப்பார்?"

"எழுபது."

"இது எவ்வளவு?"

"ஒவ்வொண்ணும் முப்பத்தஞ்சு."

"பேய்க்கு மணல் மூட்டை எதுக்கு, நெரியோ?"

 ஓர்னெல்லா குனிந்து காரின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். தரை சமம்தான். ஆனால் காரின் வலப்பக்கம் ஒரு விரற்கடை உயர்ந்து நின்றது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாடிப்படி ஏறினார்.

6.15. மாடி அறையின் ஜன்னல் கொட்டகையைப் பார்த்திருந்தது. எர்மெஸ் கணினி முன்னால் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்தார், எழவில்லை.

"நீங்க எனக்குக் கொடுத்த தாள் அன்னிக்கு உள்ளது இல்லை, இன்ஜினியர்."

"தேதி பாத்தீங்களே."

"தேதியை மாத்திடலாம். அதுல கடைசி வரைக்கும் பக்கத்து சீட்டு காலின்னு இருக்கு. ஒரு கைப்பை வச்சாலும் தெரியும்னீங்க. அன்னிக்கு அந்த சீட்டுல இருபது கிலோ சீஸ் இருந்துச்சு. அந்தக் காகிதம் எங்கிட்ட இருக்கு."

எர்மெஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"நிஜப் பதிவு அழியலை. அதைத்தான் தினம் கீழ நிக்கற காருக்குப் போட்டுக் காட்டறீங்க. மோட்டார் அன்னிக்குச் செஞ்சதையே திரும்பச் செய்யுது. லோரிஸுக்குப் பதிலா மணலை வச்சீங்க. சீஸ் இருந்தது உங்களுக்குத் தெரியாது. இல்லாத இருபது கிலோவை அந்த மோட்டார் இன்னும் தூக்கிக்கிட்டிருக்கு. அதான் வலப்பக்கம் உசந்து நிக்குது."

"அது ஏன்னு எனக்குப் புரியவே இல்லை," என்றார் எர்மெஸ் மெல்ல. "சீஸ்."

"லோரிஸ் முன்னாடியே சொன்னாரா?"

"ரெண்டு வாரம் முன்னாடி. அந்தப் பள்ளத்துல, காலுக்கடியிலேர்ந்து தரையை உருவுற மாதிரி இருக்குன்னார். சரி பண்ணாம ஓட்ட மாட்டேன்னார். நான் தேடினேன். கிடைக்கலை. தேதி நெருங்கிடுச்சு. விபத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், சரி பண்ணிட்டேன், ஓட்டுங்கன்னு சொன்னேன்."

"சரி பண்ணினீங்களா?"

"இல்லை."

வாசலில் நெரியோ நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை நான் ஓட்டணும்," என்றார்.

"அதுக்குள்ள கண்டுபிடிச்சுடலாம்னுதான் தினமும்..."

"கண்டுபிடிக்கலைன்னா? எங்கிட்டயும் சரி பண்ணிட்டேன்னு சொல்லியிருப்பீங்களா?"

 நெரியோ அவரை அடிக்கவில்லை. சுவரோரம் அப்படியே உட்கார்ந்துகொண்டார்.

மாலை 4.00. மில்வாவின் சமையலறை.

எர்மெஸ் கைதானது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. காப்பியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கடைசி நேரம்," என்றாள். "நிஜப் பதிவுல என்ன இருக்கு?"

"பள்ளத்துக்கு முன்னாடியே ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்துட்டார். வேகமே இல்லை. கார் சரிஞ்சதும் ஸ்டியரிங்கை ரெண்டு தடவை சரியான பக்கம் திருப்பியிருக்கார். வேற யாரும் அதுக்கு மேல எதுவும் செஞ்சிருக்க முடியாது."

மில்வா தலையசைத்தாள். அழவில்லை.

"எழுதித் தருவீங்களா?"

"கோர்ட்டுக்கு எழுதித்தான் ஆகணும்."

"கோர்ட்டுக்கு இல்லை. ஃபேக்டரி வாசலுக்கு."

அப்படி எழுதித் தர ஓர்னெல்லாவுக்கு அதிகாரமில்லை. மேலிடத்தில் கேட்டால் வேண்டாம் என்பார்கள். அவர் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை அறிமுகம் நடக்கவில்லை. காலை ஷிப்டுக்கு வந்தவர்கள் வாயிற்கதவருகே ஒவ்வொருவராக நின்றார்கள். கதவில் ஒட்டிய தாளில் நான்கே வரி, கீழே ஓர்னெல்லாவின் கையெழுத்து. 

மில்வா எட்டு மணிக்கு வந்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. ஒருவரும் தலையைக் குனியவில்லை. அவள் அந்தத் தாளைப் படிக்க நிற்காமல் நேராகத் தையல் பிரிவுக்குள் போனாள்.