இருபத்திரண்டு கிலோ சாட்சி

தீவன மூட்டைகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தது பொன்ராஜின் உடல்.

பின்மண்டையில் ஒரே அடி!

பொன்ராஜ், திருவொற்றியூர் ஆட்டு மண்டியின் இரண்டு பங்குதாரர்களில் ஒருவன். செத்தது நேற்று சாயங்காலம். போலீஸ் பிடித்து வைத்திருப்பதோ எடை போடும் ஜெயவேலை. நேற்று மத்தியானம் பொன்ராஜோடு வாய்த்தகராறு... அது போதாதா?

ஜெயவேல், கார்குழலியின் ஒரே தம்பி.

கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் கார்குழலி மண்டிக்கு ஓடி வந்தாள். நாலு மணிக்குத் தம்பியைக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்களாம். இப்போது மணி மூன்று.

இன்னொரு பங்குதாரன் எத்திராஜ் அலட்டிக்கொள்ளவே இல்லை. நேற்றுக் காலை கர்நூலில் அறுபது ஆடுகளை ஏற்றியதிலிருந்து, இன்று காலை இங்கே இறக்கும்வரை லாரியிலேயே இருந்தேன் என்றான். டோல்கேட் இல்லாத உள்ரோட்டில் வந்தார்களாம். எங்கேயும் நிற்கவில்லையாம். டிரைவர் அசோகனும் தலையாட்டினான்.

ஏற்றும்போது போட்டதாக ஓர் எடைச்சீட்டையும் நீட்டினான்! சராசரி இருபத்திரண்டு கிலோ.

"மேடம், ஆடுங்களை எடை போட்டுப் பார்க்கணும்" என்றாள் கார்குழலி.

இன்ஸ்பெக்டர் ஃப்ளோரா கடிகாரத்தைப் பார்த்தாள். "அறுபதையுமா?"

"ஒன்பது போதும்."

எத்திராஜ் சிரித்தான். "போட்டுக்க டீச்சரு. சீட்டுல இன்னா கீதோ, அதான் ஆட்லயும் கீது."

ஆடுகளின் முதுகில் எண்கள் இருந்தன. துண்டுச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கினாள். ஃப்ளோராவே ஒன்பதை எடுத்தாள். கொழுத்ததைப் பொறுக்கினாய் என்று நாளை யாரும் வாய் பேசக் கூடாது பாருங்கள்!

ஒவ்வொன்றாகத் தராசில் ஏறின...

சராசரி, இருபத்திரண்டு கிலோ நூறு கிராம்.

"சாரிம்மா. சீட்டும் ஆடும் சரியா இருக்கு." ஃப்ளோரா ஜீப் சாவியை எடுத்தாள்.

"அதான் மேடம் தப்பு."

"என்ன?"

"ஒரு நாள் பூரா லாரியில நின்னு வந்த ஆடு, ரெண்டு கிலோவாவது இளைச்சிருக்கும். என் தம்பி தினமும் அதைக் கழிச்சுத்தான் விலை பேசுவான். இறக்கினதுலேர்ந்து இதுங்களுக்குத் தீனி, தண்ணி எதுவும் காட்டல. இருபது கிலோதான் இருக்கணும்."

"ஒன்பதே ஒன்பது ஆடு. தற்செயலா கனமானதா மாட்டியிருக்கலாமே?"

கார்குழலி நோட்டைத் திருப்பிக் காட்டினாள். ஆட்டுக்கு ஆடு உள்ள ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஓர் எண் வரும். அது இரண்டரையைத் தாண்டினாலே தற்செயல் என்று தள்ள முடியாது என்றாள்.

"இங்க நாலைத் தாண்டுது மேடம். இந்த ஆடுங்க கர்நூல்லேர்ந்து வரவே இல்ல."

எத்திராஜின் முகம் வெளிறியது. கல்லாவை விட்டு எழுந்தே பழகாதவனுக்கு, லாரியில் ஆடு இளைக்கும் கணக்கு எங்கே தெரியும்! இன்று காலை இங்கே நிறுத்த எடையை, அப்படியே கர்நூல் எடையாக எழுதித் தொலைத்திருந்தான்.

"வ... வழியில தீனி வெச்சோம். தண்ணி காட்டுனோம்."

"எங்கேயும் நிக்கலைன்னு கையெழுத்து போட்டியே?" ஃப்ளோரா டிரைவர் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. கொலையில உனக்கும் பங்கா?"

அசோகன் உடைந்தான்.

"அய்யோ, நான் இல்ல மேடம். லாரி கர்நூலுக்கே போவல. இன்னிக்குக் காலைல, பக்கத்துல செங்குன்றத்துலதான் ஆட்ட ஏத்துனோம். எத்திராஜ் அண்ணன் நேத்து இங்கதான் இருந்தாரு."

ஜெயவேலை விடச் சொல்லி ஃப்ளோரா ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். கார்குழலி அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"அப்புறம் அழும்மா. நாளைக்கே மாஜிஸ்ட்ரேட்டைக் கூட்டிவந்து அறுபது ஆட்டையும் எடை போடணும்."

"ஏன் மேடம் அவ்வளவு அவசரம்?"

"ஞாயித்துக்கிழமை தாண்டினா, ஒரு சாட்சியும் உயிரோட இருக்காது!"